கடைமடைச் சதுப்பும் நம்ம சாகுபடியும்: பணம் எந்த வழியா வருது? கணக்கை யாருகிட்ட கேட்பது?

(சங்கத்தின் கோரிக்கை விளக்கப் பிரச்சாரத்தில், கடைமடைக் கிராமங்களில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். படித்து முடித்தவர்கள் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.)

     

நாம வழக்கமா கூட்டம் போட்டா மேட்டூர்த் தண்ணி, நெல் கொள்முதல், பயிர்க்கடன், இன்சூரன்ஸ் இதைப் பத்தித்தான் பேசுவோம். இன்னைக்குச் சதுப்பு நிலத்தைப் பத்திப் பேச வந்திருக்கோம். ‘அது காட்டுக்காரங்க சமாச்சாரம், பறவை பார்க்க வர்றவங்க சமாச்சாரம், நமக்கென்ன?’ என்று சிலபேர் நினைக்கலாம். அப்படி நாம ஒதுங்கி இருக்கிறதுனாலதான், நம்ம வயலோட கடைசி வரப்புக்கு அந்தப் பக்கம் கோடிக்கணக்கில் பணம் செலவாகுது, நமக்கு ஒரு வார்த்தை தெரிவிக்கப்படுவதில்லை. ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கணும்.

சதுப்புக்கும் சாகுபடிக்கும் என்ன சம்பந்தம்?

கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரியுது. வெண்ணாறு நீடாமங்கலம் பக்கத்துல மூணாறு தலைப்புக்கு வந்து, அங்கிருந்து கோரையாறு, பாமணியாறு பிரிஞ்சு தெற்கே வருது. கோரையாறு, பாமணியாறு, கிளைதாங்கியாறு, மரைக்கா கோரையாறு, கந்தன்குறிச்சானாறு எல்லாம் கடைசியில் முத்துப்பேட்டை லகூனில் விழுந்து கடலுக்குப் போகுது. அந்தப் பக்கம் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வளவனாறு எல்லாம் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் வடியுது. இந்த ஆறுகள் நமக்குப் பாசனமும் தருது, மழைக்காலத்தில் வடிகாலாகவும் இருக்குது.

இந்த ஆறுகள் முடியுற இடம்தான் சதுப்பு. கோடியக்கரை சரணாலயம், பஞ்சநதிக்குளம் சதுப்பு, அளவை செய்யப்படாத உப்புச் சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாத்தையும் சேர்த்து 38,500 ஹெக்டேரை 2002 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். ராம்சார் என்பது ஈரான் நாட்டில் உள்ள ஒரு ஊர். 1971-ல் அங்கே பல நாடுகள் கூடிச் சதுப்பு நிலங்களைக் காக்க ஒப்பந்தம் போட்டதால் அந்தப் பேர். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் முதலில் ஏறியது நம்ம மண்தான். இது நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மூன்று மாவட்டத்திலும் பரந்து கிடக்கு.

இந்தச் சதுப்பு நமக்கு மூணு வேலை செய்யுது. மழை வெள்ளத்தை வாங்கி வச்சுக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்கு அனுப்புது. கடல் தண்ணி ஆத்து வழியா மேலே ஏறாமல் இடைநிலமா நிக்குது. புயல் வந்தால் அலையாத்தி மரம் முதல் அடியை வாங்கிக்குது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பிச்சாவரத்தில் அலையாத்திக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைஞ்சதை நாடே பார்த்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறினபோது முத்துப்பேட்டைக் காடும் முறிஞ்சு விழுந்தது. தென்னையும் வீடும் போனதைப் பற்றி உங்களுக்கு நாங்க சொல்ல வேண்டியதில்லை.

சதுப்பு தூர்ந்து போனால் என்னாகும்? முகத்துவாரம் மண் அடைச்சுக்கும். மழைத் தண்ணி வடிய வழியில்லாமல் சம்பா பயிர் மூழ்கி அழுகும். கோடையில் உப்புத் தண்ணி உள்ளே ஏறும். போர் போட்டால் உப்பு. ஒரே வயலில் தை மாதம் வெள்ளம், சித்திரை மாதம் உவர். ஆகவே சதுப்பைச் சீரமைப்பது கடைமடைச் சாகுபடியைக் காப்பாத்துற வேலை. அது நம்ம கோரிக்கை என்று உரக்கச் சொல்வோம்.

எப்படிக் கெட்டது?

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து முத்துப்பேட்டைக் காட்டைப் பத்தி பத்தியாக மொட்டையடித்து வெட்டினார்கள். விறகுக்குப் போனது. மரம் போன இடத்தில் வெயில் நேரடியா அடிச்சு, சேறு காய்ஞ்சு, தரை தொட்டி மாதிரி உள்வாங்கிடுச்சு. அலை ஏறும்போது வந்த கடல் தண்ணி திரும்பிப் போக முடியாமல் அந்தத் தொட்டியிலேயே தேங்கி, ஆவியாகி, உப்பு கூடிக்கிட்டே போச்சு. அந்த உப்பில் அலையாத்தி விதை கூட முளைக்காது.

1990-களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வனத்துறையும், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், கரையோர ஊர் மக்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால், பார்க்க மீன் முள் மாதிரி இருக்கும். அலைத் தண்ணி உள்ளே வந்து, உப்பைக் கழுவிக்கிட்டு வெளியே போகும். வாய்க்கால் கரையில் விதை ஊன்றினால் மரம் பிடிக்கும். ஊர்க் குழு போட்டு, அந்த ஊர் ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை பார்த்த இடங்களில் காடு திரும்பி வந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கு. முதலில் தண்ணி நடமாட்டம், பிறகுதான் செடி. இதை வாய்க்கால் வெட்டின கூலியாளும் சொல்வார், படிச்ச விஞ்ஞானியும் சொல்வார். ஆனால் பணம் ஒதுக்குற இடத்தில் கணக்கு வேற மாதிரி எழுதப்படுது. ‘இத்தனை ஹெக்டேர் நட்டோம், இத்தனை லட்சம் செடி வைத்தோம்’ என்று அறிக்கை வரும். ‘எத்தனை வடிகால் திறந்தது, எந்த மாதம் எவ்வளவு நல்ல தண்ணி சதுப்புக்குப் போச்சு’ என்ற கணக்கு நம்ம ஊர் பலகையில் என்றைக்காவது எழுதி இருந்ததா?

இரண்டாவது அடி இறால் பண்ணை. 1990-களில் வெளியூர்ப் பணம் வந்து இறங்கியது. விளைநிலமும் உப்புச் சதுப்பும் குளமாச்சு. காந்தியவாதி ஜெகந்நாதன் அய்யா உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-ந் தேதி தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் உள்ள இறால் தொழில் குளங்களை அகற்று, விளைநிலத்தையும் சதுப்பையும் உப்பள நிலத்தையும் இறால் குளமாக மாற்றாதே, கெடுத்தவன் காசு கொடு, அந்தக் காசைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியில் போட்டுப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மண்ணைச் சீர்படுத்தவும் செலவு செய் என்று தீர்ப்பு சொன்னது. பிறகு என்னாச்சு? 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டுவந்து, பதிவு செய்துகொண்டு பண்ணைகள் நடக்க வழி செய்தார்கள். 2023-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி அந்த வழியை இன்னும் அகலமாக்கினார்கள். விளைநிலத்தையும் அலையாத்தி நிலத்தையும் மாற்றக் கூடாது என்ற வழிகாட்டுதல் ஏட்டில் இருக்கு. ‘கெடுத்தவன் கொடுக்கணும்’ என்ற அந்த ஒரு வரியைத்தான் நாம விடக்கூடாது.

பணம் எத்தனை குழாயில் வருது?

‘அரசாங்கத்தில் பணம் இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம்.

ஒன்று, மத்திய அரசின் தேசிய நீர்ச்சூழல் பாதுகாப்புத் திட்டம். சதுப்பு நிலத்துக்கும் ஏரிக்கும் மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு போடணும்.

இரண்டு, ‘மிஷ்டி’ என்கிற அலையாத்தித் திட்டம். 2023 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்து, அந்த வருஷம் ஜூன் 5-ல் தொடங்கினார்கள். ஐந்து வருஷத்தில் 9 மாநிலம், 4 யூனியன் பிரதேசத்தில் 540 சதுர கிலோமீட்டர் என்று இலக்கு. இதற்குத் தனிப் பணப் பெட்டி கிடையாது. காடழிப்பு ஈட்டு நிதியிலிருந்தும் கிராம வேலைத் திட்டத்திலிருந்தும் சேர்த்து எடுப்பது என்று வைத்தார்கள். காடழிப்பு ஈட்டு நிதி என்றால் என்ன? எங்கேயோ சுரங்கத்துக்கும் ரோட்டுக்கும் காட்டை வெட்டுறவன் அதற்கு ஈடாகக் கட்டுற பணம்.

மூன்று, தமிழ்நாடு சதுப்புநில இயக்கம். 2021-ல் அறிவித்தார்கள். ஐந்து வருஷத்தில் 100 சதுப்பு நிலம், 115 கோடியே 15 லட்சம் ரூபாய். இதை நடத்த ‘பசுமைக் காலநிலை மாற்ற நிறுவனம்’ என்று ஒரு கம்பெனியை அரசே ஏற்படுத்தியது.

நான்கு, நெய்தல் மீட்சி இயக்கம். 2023 மார்ச் மாநில பட்ஜெட்டில் உலக வங்கி உதவியோடு சுமார் 2,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். கடற்கரை அரிப்பு, மாசு, அலையாத்தி எல்லாம் இதில் அடங்கும்.

ஐந்து, வெண்ணாறு உபவடிநிலத் திட்டம். 2016-ல் ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடன் கொடுத்தது. மொத்தம் சுமார் 960 கோடி ரூபாய். அரிச்சந்திரா, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் இவற்றைச் சீரமைக்க. நம்ம ஊர் ஆத்துப் பேருதான் அத்தனையும்.

இந்த ஐந்தும் வேற வேற இடத்துக்குப் போகுது. ஒன்று வனத்துறைக்கு, ஒன்று கம்பெனிக்கு, ஒன்று நீர்வளத் துறைக்கு. ஆத்தை ஆழப்படுத்துற துறை சதுப்பைப் பார்ப்பதில்லை. செடி நடுற துறை மதகு பக்கம் போவதில்லை. இறால் பண்ணைக்குப் பதிவு கொடுக்குற ஆணையம் இரண்டையும் கேட்பதில்லை. நடுவில் வெங்காயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் மண்டிக்கிடக்குற வடிகால் யாருடையது என்று கேட்டால், ஒரு ஆபீசிலிருந்து அடுத்த ஆபீசுக்குக் கையைக் காட்டுறாங்க. நம்ம தண்ணிக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. அது மேலேயிருந்து கீழே ஒரே வழியாத்தான் வருது.

இதில் கடன் பணமும் இருக்கு என்பதை மறக்கக் கூடாது. உலக வங்கியும் ஆசிய வங்கியும் கொடுப்பது தானம் இல்லை. வட்டியோட திருப்பிக் கட்டப்போறது நாமும் நம்ம பிள்ளைகளும்தான். நம்ம பேரில் வாங்கின கடனுக்கு நம்மகிட்ட கணக்குச் சொல்வது எந்த விதத்தில் தப்பு?

நாற்காலியில் யார் இருக்காங்க?

2017 செப்டம்பரில் மத்திய அரசு சதுப்பு நில விதிகளை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சதுப்பு நில ஆணையம். அமைச்சர் தலைவர். தலைமைச் செயலாளர் துணைத் தலைவர். பிறகு துறைச் செயலாளர்கள் வரிசையாக. சூழல், நீரியல், மீன்வளம், நிலத்திட்டம், சமூகப் பொருளாதாரம் இதற்கெல்லாம் ஒவ்வொரு நிபுணர். சரி, நிபுணர் வேண்டாம் என்று நாம சொல்லலை. சதுப்போட விளிம்பில் பயிர் வைக்குற விவசாயிக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கா என்றால், விதியில் இல்லை. பொதுமக்கள் குறையைக் கேட்க நாலு பேர் குழு ஒன்று விதியில் இருக்கு. அப்படி ஒரு குழு உண்டு என்று இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்க பார்ப்போம்.

கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு. அதில் பாரம்பரியக் கடலோர மக்கள் மூன்று பேருக்குக் குறையாமல் இருக்கணும், மீனவர்களும் அதில் உண்டு. நல்ல ஏற்பாடு. அதே மாதிரி ஏன் சதுப்பு நில ஆணையத்திலும் மீனவருக்கும் விவசாயிக்கும் இடம் இருக்கக் கூடாது?

இன்னொரு வேடிக்கை. ராம்சார் ஒப்பந்தத்தில் நெல் வயலும் ஈரநிலம் என்று ஏற்கப்பட்டிருக்கு. ஆனால் 2017 விதியில் ஆற்றுப்படுகை, நெல் வயல், பாசனத்துக்காகக் கட்டின நீர்நிலை இதெல்லாம் சதுப்பு நிலக் கணக்கில் வராது என்று எழுதி வைத்திருக்காங்க. இதனால் நம்ம வயலுக்குக் கட்டுப்பாடு இல்லை என்பது ஒரு பக்கம் நல்லதுதான். மறுபக்கம், சதுப்புக்குத் தண்ணி கொண்டு போற ஆறும் வாய்க்காலும் வயலும் திட்டத்துக்கு வெளியே நிக்குது. தலையை விட்டுட்டு வாலுக்கு மட்டும் வைத்தியம் பார்க்குற கதை.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

‘இதெல்லாம் நடக்குற காரியமா?’ என்று கேட்பீங்க. நடந்திருக்கு. இரண்டு ஊர் கதை சொல்றோம்.

ஒடிசாவில் சிலிகா ஏரி இருக்கு. நம்ம லகூன் மாதிரியே, ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்குற பெரிய காயல். முகத்துவாரம் அடைச்சு, மீன் குறைஞ்சு, களை மண்டிப் போய், 1993-ல் ஆபத்தில் இருக்குற சதுப்பு நிலம் என்று உலகப் பட்டியலில் ஏறிடுச்சு. அதற்கு முன்னாடியே 1991-ல் அந்த மாநில அரசு சிலிகா வளர்ச்சி ஆணையம் என்று ஒரே அமைப்பை ஏற்படுத்தியிருந்தது. முதலமைச்சர் அதற்குத் தலைவர். செடி நடுறதோட நிக்காமல், தண்ணி எங்கிருந்து வருது, எங்கே அடைக்குது என்று பார்த்தார்கள். மத்திய நிதிக்குழு தந்த சிறப்பு மானியம் கைகொடுத்தது. 2000 செப்டம்பரில் புது முகத்துவாரம் வெட்டினார்கள். மீன்பிடி கூடியது. 2002-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்து பேரை எடுத்தார்கள், உலக விருதும் கொடுத்தார்கள். அங்கேயும் இறால் வேலி அடைப்புத் தகராறு உண்டு, மீனவர்களுக்குக் குறை உண்டு. ஆனால் யாரைப் போய்க் கேட்பது என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கு.

இன்னொன்று அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடா. அங்கே சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியை அணை போட்டு உப்பளமும் ஊருமா ஆக்கிட்டார்கள். 2008-ல் சட்டம் போட்டு, 9 மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே சீரமைப்பு ஆணையம் வைத்தார்கள். அதை நடத்துறவர்கள் உள்ளூரில் ஓட்டு வாங்கி வந்தவர்கள். 2016 ஜூனில் மக்களிடம் நேரடியாக வாக்கெடுப்பு. ஒரு மனைக்கு வருஷத்துக்கு 12 டாலர், 20 வருஷத்துக்கு. நூற்றுக்கு எழுபது பேர் சம்மதம் என்று ஓட்டுப் போட்டார்கள். வருஷத்துக்குச் சுமார் இரண்டரைக் கோடி டாலர் வருது. செலவைச் சரிபார்க்கத் தனியா ஒரு குடிமக்கள் குழு.

இதை அப்படியே இங்கே கொண்டுவரணும் என்று நாம சொல்ல வரலை. குடிசைக்கும் 12 டாலர், பெரிய கம்பெனி கட்டடத்துக்கும் 12 டாலர் என்பது நியாயமில்லை. சிறு விவசாயி தலையில் இன்னொரு வரி வைத்தால் முதலில் எதிர்ப்பது நம்ம சங்கமாகத்தான் இருக்கும். நாம எடுத்துக்க வேண்டியது இரண்டு விஷயம். மூன்று மாவட்டம் என்றாலும் ஒரே ஆணையம், அதில் ஓட்டு வாங்கின உள்ளூர்க்காரர்கள். பணம் வாங்கும்போதே, எதற்கு, எத்தனை வருஷத்துக்கு, யார் கணக்குப் பார்ப்பது என்று எழுதி வைத்துவிடுவது.

தண்ணியும் நிதிதான்

பணத்தைப் பத்திப் பேசினோம். அதைவிடப் பெரிய சொத்து தண்ணி. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ல் இறுதித் தீர்ப்பு சொன்னது. மொத்தம் 740 டி.எம்.சி. அதில் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கு என்று தனியா ஒதுக்கியது. கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவதற்கு 4 டி.எம்.சி. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் நம்ம பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்தது. பிலிகுண்டுலுவில் வரவேண்டியது 192-லிருந்து 177.25 ஆச்சு. ஆனால் அந்தச் சுற்றுச்சூழல் 10 டி.எம்.சி. அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கு. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. பத்து என்றால் ஆயிரம் கோடி கன அடி.

நாம கேட்பது எளிமையான கேள்வி. அந்தத் தண்ணியில் எவ்வளவு, எந்த மாதத்தில், எந்த ஆத்து வழியா நம்ம சதுப்புக்கு வருது? எழுத்தில் சொல்லுங்க. ஆத்துத் தண்ணி கடைமடை தாண்டிச் சதுப்பு வரைக்கும் போகணும் என்றால், அது கடைமடை வயலைத் தாண்டித்தான் போகணும். சதுப்புக்குத் தண்ணி கேட்பது நம்ம வாய்க்காலுக்கும் தண்ணி கேட்பதுதான். மேல்மடை விவசாயியோட சண்டை போடுறதுக்கு நாம இதைச் சொல்லலை. அவங்களுக்கும் ஒதுக்கின பங்கு குறையக் கூடாது. ஒதுக்கினதை ஒதுக்கின காரியத்துக்குக் கொடு என்கிறோம்.

நிலம் போயிடுமா?

கூட்டத்துக்கு முன்னாடியே சில பெரியவங்க வந்து கேட்டாங்க. ‘சதுப்பு, ராம்சார் என்று நீங்களும் பேசப் போனா, நாளைக்குப் பட்டா நிலத்தை எடுத்துக்கிட்டுப் போயிட மாட்டாங்களா?’ நியாயமான பயம். அதனால் தெளிவா வைத்துக்கொள்ளுங்கள்.

ராம்சார் பட்டியல் என்பது ஒரு ஒப்பந்தம். அதனால் மட்டும் பட்டா மாறாது. அந்த ஒப்பந்தம் மக்கள் அறிவோட பயன்படுத்துவதை ஏற்கிறது. சரணாலயமும் காப்புக்காடும் வேற சட்டம். அங்கே கட்டுப்பாடு அதிகம். 2017 விதி தடுப்பது ஆக்கிரமிப்பு, தொழிற்சாலை, குப்பை கொட்டுறது, கழிவு விடுறது, நிரந்தரக் கட்டடம் இதையெல்லாம். நெல் நடுறதை அது தடுக்கலை. ஆனால் வரைபடம் போடும்போது நாம இல்லாமல் போட்டால் எந்தக் கோடு எங்கே விழும் என்று சொல்ல முடியாது. பயந்து ஒதுங்குறதைவிட, வரைபடத்தோட ஊருக்கு வா, சர்வே எண்ணைப் படித்துக் காட்டு என்று கேட்பதே நிலத்துக்குப் பாதுகாப்பு.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லணும். அலையாத்திச் சேறு கரியைப் பிடித்து மண்ணுக்குள் வைக்குது. புகை விடுற கம்பெனி அந்தக் கரிக்கு விலை கொடுத்து வாங்கிப் பேரைச் சரிக்கட்டிக்கிற வியாபாரம் உலகத்தில் நடக்குது. ‘நீலக் கார்பன்’ என்று பேர். நாளைக்கு நம்ம ஊர்ச் சேற்றைக் காட்டி எவனாவது ஒப்பந்தம் போட வரலாம். கிராம சபைக்குத் தெரியாமல், ஊருக்குப் பங்கில்லாமல் ஒரு கையெழுத்தும் விழக் கூடாது.

நமது கோரிக்கைகள்

மத்திய, மாநில அரசுகளே!

1. நாகை, திருவாரூர், தஞ்சை மூன்று மாவட்டக் கடைமடைச் சதுப்புக்கும் ஒரே ஆணையம் அமைத்திடு. அதில் பாதி இடத்தை ஊராட்சிப் பிரதிநிதி, சிறு குறு விவசாயி, குத்தகைதாரர், மீனவர், உப்பளத் தொழிலாளி, பெண்கள் இவர்களுக்கு ஒதுக்கிடு.

2. எந்தத் துறை வழியாக வந்தாலும், எந்த வங்கிக் கடனாக இருந்தாலும், சதுப்புக்கும் கடைமடை ஆறுகளுக்கும் வரும் பணம் அத்தனையையும் ஒரே கணக்கில் காட்டிடு. வருஷம் இரண்டு முறை கிராம சபையில் வைத்திடு. வேலை, தொகை, ஒப்பந்தக்காரர் விவரத்தைத் தமிழில் ஊராட்சிப் பலகையில் எழுதிடு.

3. முதலில் வடிகால், முகத்துவாரம், மதகு. பிறகு செடி. நட்ட செடி மூன்று வருஷம் கழித்து எத்தனை நிற்குது என்று ஊர்க் குழுவை வைத்துக் கணக்கெடுத்திடு.

4. சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கின 10 டி.எம்.சி.யில் காவிரிக் கடைமடைச் சதுப்பின் பங்கை மாதவாரியாக அறிவித்திடு.

5. பாசனதாரர் தேர்தல் மூலம் சங்கம் அமைக்க 2000-ஆம் ஆண்டிலேயே மாநிலச் சட்டம் வந்தது. அதைக் கடைமடை வரைக்கும் நடைமுறைப்படுத்தி, வடிகால் பராமரிப்பையும் நிதியோடு சேர்த்து ஒப்படைத்திடு.

6. சதுப்பையும் விளைநிலத்தையும் கெடுத்தவர்களிடம் ஈடு வசூலித்திடு. சிறு விவசாயி மேல் புது வரி போடாதே.

7. சீரமைப்பு வேலையை உள்ளூர் விவசாயத் தொழிலாளிக்கே கொடு. எந்திரத்தை இறக்கிக் கூலியைப் பறிக்காதே.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைத்தால் மட்டும் ஆகாது. நாளையிலிருந்தே செய்யக்கூடிய வேலை மூன்று இருக்கு.

முதலாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. நம்ம ஊர் வடிகால் பேர், நீளம், அடைப்பு இருக்குற இடம், மூழ்குற வயலின் சர்வே எண் எல்லாத்தையும் எழுதித் தீர்மானமாகப் போடுங்க. ‘வடிகால் சரியில்லை’ என்று பொதுவாக எழுதினால் குப்பைக்கூடைக்குப் போகும். இடத்தைக் குறிப்பிட்டு எழுதினால் யாராவது ஒருத்தர் பதில் சொல்லியே ஆகணும்.

இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டம். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். 30 நாளில் பதில் வரணும். வரலைன்னா மேல்முறையீடு. மூணே கேள்வி கேளுங்க. கடந்த ஐந்து வருஷத்தில் எங்க ஊர் எல்லைக்குள் சதுப்பு, அலையாத்தி, வடிகால் வேலைக்கு எந்தத் திட்டத்தில் எவ்வளவு செலவானது? அந்த வேலையின் மதிப்பீட்டு நகலும் அளவைப் புத்தக நகலும் கொடுங்க. நிறைவு ஆய்வு செய்தது யார், எந்தத் தேதியில்? சங்கத் தோழர்கள் எழுதித் தருவார்கள். கையெழுத்துப் போட வேண்டியது நீங்கள்.

மூன்றாவது, மீனவர், உப்பளத் தொழிலாளி, விவசாயி மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசணும். மதகைத் திற என்று ஒருத்தர், மூடு என்று ஒருத்தர், உப்புத் தண்ணி வேணும் என்று ஒருத்தர். இந்தச் சண்டை இருக்கிற வரைக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்கு வசதி. எந்த மாதம் திறப்பது, எப்போது மூடுவது என்று ஊரும் ஊரும் பேசி எழுதி வைத்துக்கொண்டால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆட்சியர் ஆபீசுக்குப் போகலாம்.

1930-ல் இதே வேதாரண்யத்துக்கு ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளினார்கள். அவர்களுக்குச் சோறு போடக் கூடாது, தங்க இடம் கொடுக்கக் கூடாது என்று வெள்ளைக்காரக் கலெக்டர் மிரட்டியபோது, வழிநெடுக மறைவாகச் சோறு போட்டது நம்ம தஞ்சைச் சீமை விவசாயக் குடும்பங்கள்தான். அந்த மண்ணின் தண்ணியையும் சேற்றையும் காப்பாத்த இன்றைக்கு அத்தனை துன்பம் படத் தேவையில்லை. கூட்டத்துக்கு வரணும், கையெழுத்துப் போடணும், கணக்குக் கேட்கணும், விடாமல் கேட்கணும்.

அடுத்த கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். தீர்மான நகலைக் கையில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். எல்லா ஊர்த் தீர்மானமும் சேர்ந்ததும் மூன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் ஒரே நாளில் கொடுப்போம். பதில் வரலைன்னா அங்கேயே உட்காருவோம்.

கடைமடை வரை தண்ணீர் கொடு!
சதுப்பு நிதிக்குக் கணக்குக் கொடு!
ஆணையத்தில் விவசாயிக்கும் மீனவருக்கும் இடம் கொடு!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!